பக்கவாதத்துக்குக் கரண்ட் ஊசி: பணம் கட்டுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டால் முதல் வாரத்தில் நமக்குத் தாராளமாகக் கிடைப்பது ஆலோசனைதான். புறா ரத்தம் தேய்க்கச் சொன்னவர்கள், எண்ணெய்க் கட்டுக்குக் கேரளா போகச் சொன்னவர்கள், குலசாமிக்குக் கிடா நேர்ந்துகொள்ளச் சொன்னவர்கள் என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு மாநாடே நடந்தது. அதில் ஒருவர் சொன்னதுதான் கரண்ட் ஊசி. அக்குபங்சர் ஊசியைக் குத்தி, அதன் வழியாக லேசான மின்சாரம் கொடுப்பது. எலக்ட்ரோ அக்குபங்சர் என்று பெயர். சாகக் கிடக்கும் மூளைச் செல்லையே அது காப்பாற்றிவிடும் என்றார். அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று நான் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். அதை யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் பணமும் மிஞ்சியிருக்கும், அம்மாவை அவ்வளவு அலைக்கழித்திருக்கவும் வேண்டாம். நான் மருத்துவர் இல்லை. திருமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் எடுக்கிறேன். செல், மைட்டோகாண்ட்ரியா என்று வந்தால் பயப்படாமல் படிக்க முடிந்தது, அவ்வளவுதான்.

அம்மாவுக்கு 64 வயது. செக்கானூரணியைத் தாண்டி ஒரு கிராமம். அப்பா தவறிய பிறகு இரண்டு மாடுகளை வைத்துக்கொண்டு தனியாகத்தான் இருந்தார். முந்தின இரவு ஒன்பது மணிக்கு என்னிடம் போனில் பேசினார், பேச்சில் ஒரு வித்தியாசமும் இல்லை. காலையில் வாசல் தெளிக்காமல் கிடப்பதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டு மதினி கதவைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். இடது கையும் காலும் துவண்டு, வாய் கோணி, எழுந்து உட்கார முடியாமல் கிடந்திருக்கிறார் அம்மா. கூடிய ஆட்களில் இரண்டு பேர் "வாயுதான், நல்லெண்ணெய் காய்ச்சித் தேயுங்க" என்றார்களாம். மதினியின் மகன் எதையும் காதில் வாங்காமல் காரை எடுத்துக்கொண்டு மதுரைக்கு வந்துவிட்டான். அந்தப் பையனுக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிரஷர், சுகர் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்தேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "கடைசியா அவங்க நல்லா இருந்தது எத்தனை மணிக்கு?" ராத்திரி ஒன்பது என்றேன். அவர் முகம் மாறியது. பிறகுதான் விளக்கினார். ரத்தக் குழாயில் அடைத்த கட்டியைக் கரைக்க ஒரு ஊசி மருந்து இருக்கிறது. அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். தூக்கத்தில் வந்துவிட்டால் எப்போது தொடங்கியது என்று தெரியாது, அதனால் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கு வைப்பார்கள். அப்படிப் பார்த்தால் அம்மாவுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. பெரிய ரத்தக் குழாய் அடைத்திருந்தால் தொடை வழியாகக் கம்பி விட்டுக் கட்டியையே இழுத்து எடுக்கிறார்கள். அதைப் பொதுவாக ஆறு மணி நேரத்துக்குள் செய்வார்கள், ஸ்கேனில் காப்பாற்றக்கூடிய பகுதி மிச்சம் இருந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம் என்று 2018-ல் வந்த ஆய்வுகள் காட்டின. அம்மாவுக்கு அடைத்தது சின்னக் குழாய், அதனால் அதற்கும் வழியில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். பின்னால் நான் எழுதப்போகும் ஊசிக் கதையைவிட இது முக்கியம். முகம் ஒரு பக்கம் இழுப்பது, ஒரு கை தூக்க வராமல் விழுவது, பேச்சு குழறுவது, இதில் ஒன்றைத் திடீரென்று பார்த்தாலே 108-க்குக் கூப்பிடுங்கள். சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். நடுவில் தெருமுனை கிளினிக்கில் நிறுத்திப் பிரஷர் பார்ப்பது, ஊர் வைத்தியரிடம் காட்டுவது எல்லாம் வேண்டாம். வாயில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் ஊற்றாதீர்கள், விழுங்கத் தெரியாமல் நுரையீரலுக்குள் போய்விடும். நெஞ்சு வலிக்குக் கொடுப்பதுபோல ஆஸ்பிரின் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மூளையில் இருப்பது அடைப்பா, ரத்தக் கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது, கசிவாக இருந்தால் அந்த மாத்திரையே வினையாகிவிடும். தூங்கி எழுந்தபோது வாதம் வந்திருந்தால் எம்.ஆர்.ஐ. பார்த்து ஊசி மருந்துக்கு வாய்ப்பு உண்டா என்று கேட்டுப் பாருங்கள். சில இடங்களில் அப்படிப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் முன்பணமாக 40,000 ரூபாய் கட்டச் சொன்னார்கள். வீட்டுக்கு வரும்போது மொத்தம் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. புனேயில் இருக்கும் தம்பி பாதி அனுப்பினான். வீட்டுக்காரர் கத்தாரில், போனில் தைரியம் சொல்ல மட்டுமே அவரால் முடிந்தது. சம்பளமில்லா விடுப்பில் நான் மட்டும் அம்மாவோடு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அம்மாவிடம் இருந்தது, ஆனால் அது கிராமத்து வீட்டில் டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் திட்டம் அது. சேரும் நாளன்றே அட்டையைக் காட்டி, இந்த நோய்க்கு இங்கே செல்லுமா என்று காப்பீட்டு மேசையில் கேட்டுவிட வேண்டும். பில் போட்ட பிறகு கேட்டால் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அட்டையைப் போட்டோ எடுத்து எல்லோர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் அசல் கஷ்டம். படுக்கைப் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும் அலாரம் வைத்து எழுவேன். கோபம் வரும், அந்தக் கோபம் வந்ததற்காக அழுகையும் வரும். அம்மா சாப்பிட மாட்டேன் என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். வாதம் வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது, அதற்கு மாத்திரை இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது, பிடிவாதம் என்று நினைத்துக்கொண்டு திட்டியிருக்கிறேன். அந்த நேரத்தில்தான் சொந்தக்காரர் ஒருவர் மதுரை டவுனுக்குள் கரண்ட் ஊசி போடும் ஓர் இடத்தைப் பற்றிச் சொன்னார். வாதம் வந்து இரண்டாவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது.

அங்கே இருந்தவர் நன்றாகப் பேசினார். ஒரு ஃபைலைத் திறந்து படங்களைக் காட்டினார். எலியின் மூளையை ரொட்டித் துண்டுபோல நறுக்கி, சாயத்தில் ஊறவைத்து எடுத்த படங்கள். உயிரோடு இருக்கும் பகுதி சிவப்பாக இருக்கும், செத்த பகுதி சாயம் ஏறாமல் வெள்ளையாகவே நிற்கும். "பாருங்க டீச்சர், ஊசி போடாத எலிக்கு வெள்ளை எவ்வளவு பெருசு, ஊசி போட்டதுக்கு எவ்வளவு சின்னது." படம் பொய்யில்லை. அந்தச் சாயத்தின் பெயர் டி.டி.சி., உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்களில் அப்படித்தான் பார்க்கிறார்கள். ஒரு சிட்டிங் 700 ரூபாய், 30 சிட்டிங் சேர்த்து முன்பணமாகக் கட்டினால் 18,000. அன்றைக்கு என் இடத்தில் யார் இருந்தாலும் கட்டியிருப்பார்கள். போக வர வாடகைக் கார் 900 ரூபாய். அதை நான் பேக்கேஜ் கணக்கில் சேர்க்கவே இல்லை, கடைசியில் பார்த்தால் காருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு போயிருந்தது.

ஊசி போடும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். உச்சந்தலையில் ஒன்று, முழங்கையை மடக்கினால் விழும் மடிப்பின் வெளி ஓரத்தில் ஒன்று, முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை தள்ளி காலின் முன் எலும்புக்கு வெளிப்பக்கம் ஒன்று, மணிக்கட்டுப் பக்கம் சில. அவர்கள் பாஷையில் ஜி.வி. 20, எல்.ஐ. 11, எஸ்.டி. 36. முடி கனத்துக்கு இருக்கும் ஊசி, குத்துவதில் வலி ஒன்றும் பெரிதில்லை. ஊசிகளின் மண்டையில் சின்ன முதலை வாய்க் கிளிப்பை மாட்டி, கலர் கலரான ஒயர்களை ஒரு பெட்டியில் செருகி, குமிழைத் திருப்பினார். திருப்பியதும் அம்மாவின் செத்துக் கிடந்த இடது கை விரல்கள் டிக் டிக்கென்று துள்ளின. நடுவிரலும் மோதிர விரலும் மேலே எழும்பி எழும்பி விழுந்தன. அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்து, குழறிய வாயோடு, "பாப்பா, ஆடுது பாரு" என்றார். நாங்கள் இரண்டு பேரும் அழுதுவிட்டோம். அரை மணி நேரம் கழித்துக் குமிழைத் திருப்பி அணைத்ததும் விரல்கள் அடங்கிவிட்டன. "இப்ப நீங்களே தூக்குங்கம்மா" என்றேன். ஒன்றும் நடக்கவில்லை.

நான் பாடம் எடுக்கும் விஷயமே இதுதான். தவளைக் காலை வெட்டி எடுத்து வைத்து நரம்பில் மின்சாரம் கொடுத்தாலும் அது துள்ளும். தசையும் நரம்பும் உயிரோடு இருந்தால் போதும், மூளையே தேவையில்லை. வாதத்தில் கெட்டுப் போவது மூளையிலிருந்து வரும் கட்டளை. கைத் தசை நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் மெஷின் ஓடும்போது கை ஆடுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மெஷினை அணைத்த பிறகு, சொன்னால் விரலை அசைக்கிறாரா, போன வாரத்தைவிட இந்த வாரம் கூடுதலாக அசைக்கிறாரா, அதைத்தான் பார்க்க வேண்டும். போனில் வாரம் ஒரு வீடியோ எடுத்து வைத்தேன். நம் கண் ஆசையில் பார்க்கும், வீடியோ அப்படிப் பார்க்காது.

அன்றைக்கு ராத்திரிதான் படிக்க உட்கார்ந்தேன். மூளை நம் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான், ஆனால் நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு என்று ஒன்றும் கிடையாது. குழாய் அடைத்ததும் செல்லுக்குள் ஏ.டி.பி. என்ற எரிபொருள் தீர்ந்து, சோடியத்தை வெளியே தள்ளும் பம்ப் நின்றுவிடுகிறது. குளூட்டமேட் என்ற வேதிப்பொருள் கட்டுக்கடங்காமல் கொட்டுகிறது, அதனால் கால்சியம் செல்லுக்குள் வெள்ளமாகப் புகுந்து, அந்த எரிபொருளைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. அடைப்புக்கு நேர் உள்ள நடுப்பகுதி சில நிமிஷங்களில் செத்துவிடும். அதைச் சுற்றி இருக்கும் பகுதிக்குப் பக்கத்துக் குழாய்களிலிருந்து கொஞ்சம் ரத்தம் கசிந்து வந்துகொண்டிருக்கும். கண்மாய் மடையை அடைத்துவிட்டால் பக்கத்து வயல் கசிவில் சில நாள் வாடியபடி நிற்குமே, அதுபோல. தண்ணீர் வந்தால் பிழைக்கும், வராவிட்டால் கருகும். பெரிய குழாய் அடைத்தால் ஒரு நிமிஷத்துக்கு சுமார் 19 லட்சம் நரம்புச் செல்கள் போய்விடுகின்றன என்று 2006-ல் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார்கள். மூளையைக் காப்பாற்றுவது என்று ஆராய்ச்சியில் சொல்வதெல்லாம் இந்தச் சுற்றுப்பகுதியைப் பற்றித்தான். மணிக் கணக்கில், மிஞ்சிப் போனால் சில நாள் கணக்கில் நடக்கிற விவகாரம். இரண்டாவது மாதத்தில் அங்கே காப்பாற்றுவதற்கு வாடிய செல் எதுவும் காத்திருக்காது, பிழைத்தது பிழைத்தது, போனது போனது. அதன் பிறகு நடப்பது மிச்சமிருக்கும் செல்கள் புது இணைப்புப் போட்டு வேலையைக் கற்றுக்கொள்வது. அது வேறு கதை.

சீனாவில் இந்த ஊசியை வைத்து நிறைய எலி ஆய்வுகள் நடந்திருக்கின்றன. மயக்கம் கொடுத்த எலியின் கழுத்து ரத்தக் குழாய் வழியாக மெல்லிய நைலான் இழையை மூளைக்குழாய் வரை தள்ளி அடைப்பார்கள். ஒன்றரை மணி, இரண்டு மணி நேரம் கழித்து இழையை உருவிவிடுவார்கள், ரத்தம் திரும்ப ஓடும். உச்சந்தலை அல்லது கை, கால் புள்ளிகளில் ஊசி, ஒரு மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம், அரை மணி நேரம். இப்படிச் செய்த எலிகளில் செத்த பகுதி குறைந்ததாகவே பல கட்டுரைகளும் சொல்கின்றன. செல்லைத் தற்கொலைக்குத் தள்ளும் பாக்ஸ், காஸ்பேஸ் 3 போன்ற புரதங்கள் குறைகின்றன, தடுக்கும் பி.சி.எல். 2 கூடுகிறது. மூளையின் காவல் செல்களான மைக்ரோக்ளியா மூட்டும் அழற்சி அடங்குகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஆட்டோஃபேஜி. பசியில் இருக்கும் செல் தன் உள்ளேயே கெட்டுப் போன பாகங்களை ஒரு சவ்வுப் பையில் சுற்றி, லைசோசோம் என்ற செரிமானப் பையோடு சேர்த்துச் செரித்துக்கொள்வது. இதன் ஜீன்களைக் கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமிக்கு 2016-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள், நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அளவாக நடந்தால் செல் பிழைக்கும், அளவு மீறினால் செல் தன்னையே தின்று தீர்த்துவிடும். ஊசி ஆட்டோஃபேஜியைக் குறைத்ததால் மூளை பிழைத்தது என்று ஒரு கட்டுரை சொல்கிறது. ஊசி அதைக் கூட்டியதால், அதிலும் கெட்டுப் போன மைட்டோகாண்ட்ரியாவை அப்புறப்படுத்தும் வேலையைக் கூட்டியதால் பிழைத்தது என்று இன்னொன்று சொல்கிறது. எந்த நேரத்தில் என்பதைப் பொறுத்து இரண்டுமே சரியாக இருக்கலாம். ஆனால் இந்த அளவில் இருக்கும் ஒரு விஷயத்தை "செல்லைச் சரிபண்ணும்" என்று ரிசப்ஷனில் விற்பதை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

எரிச்சலூட்டிய இன்னொரு விஷயம், அந்த எலிகளுக்கு எப்போது ஊசி போட்டார்கள் என்பது. பல ஆய்வுகளில் அடைப்பு ஏற்பட்ட உடனே, அல்லது ஒரு நாளுக்குள். நன்றாகப் பலன் தெரிந்த ஒரு வகை ஆய்வுகளில் வாதம் வருவதற்கு முன்பே ஊசி போட்டுவிட்டு அப்புறம் அடைக்கிறார்கள். யாருக்கு நாளைக்கு வாதம் வரும் என்று தெரிந்து ஊசி போட முடியும்? போதாததற்கு அவை பெரும்பாலும் இளவயது ஆண் எலிகள், பிரஷரும் இல்லை, சுகரும் இல்லை. ரத்தமும் திரும்ப ஓட விடப்பட்டவை. அம்மா எந்தக் கணக்கிலும் அந்த எலி இல்லை. எலியில் ஜெயித்து மனிதரில் தோற்றவை இந்தத் துறையில் ஏராளம். வாதத்துக்கென்று சோதித்துப் பார்த்த 1,026 சிகிச்சைகளை 2006-ல் ஒரு கட்டுரை தொகுத்திருக்கிறது. அதே ஆண்டில் என்.எக்ஸ்.ஒய். 059 என்ற மருந்து மனிதர்களிடம் பலன் தருவதாக ஒரு பெரிய ஆய்வு வந்தது, அடுத்த ஆண்டு அதைவிடப் பெரிய ஆய்வில் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது.

மனிதர்களிடம் அக்குபங்சர் என்ன ஆனது என்று தேடினேன். வாதம் வந்த புதிதில் அக்குபங்சர் கொடுத்த 33 ஆய்வுகளை, 3,946 பேரை, 2018-ல் காக்ரேன் அமைப்பு ஒன்றாகப் போட்டு அலசியது. பலன் இருப்பதுபோலத் தோன்றினாலும், போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அந்த வித்தியாசம் காணாமல் போகிறது, ஆய்வுகளின் தரமும் போதவில்லை என்பது முடிவு. கை இயக்கத்துக்கும் அன்றாட வேலைகளுக்கும் அக்குபங்சரைப் பரிந்துரைக்கவில்லை என்கிறது அமெரிக்க இதய சங்கத்தின் 2016 மறுவாழ்வு வழிகாட்டி. விழுங்கும் சிரமத்துக்கு மற்ற சிகிச்சையோடு சேர்த்து யோசிக்கலாம் என்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. வாதம் வந்தவர்கள் முதல் மூன்று மாதங்களில் தாமாகவே ஓரளவு வேகமாகத் தேறுவார்கள். அந்தச் சமயத்தில் யார் எதைக் கொடுத்தாலும் பெயர் அவருக்குப் போகும். அந்த இடத்தில் டிவியில் ஓடிக்கொண்டிருந்த "நடக்க ஆரம்பித்துவிட்டார்" வீடியோக்களை அதன் பிறகு என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

இதையெல்லாம் தெரிந்த பிறகும், கட்டிய பணத்துக்குப் போய் வருவோம், அம்மாவுக்கும் ஒரு மாறுதல் என்று கொஞ்ச நாள் போனோம். அங்கே ஊசி எடுக்க வரும் பெண்ணிடம் அம்மா மாடு கன்று கதை பேசுவார், அந்த அரை மணி நேரம் முகம் தெளிவாக இருக்கும். உறவு முறிந்தது மாத்திரை விஷயத்தில். "இங்கிலீஷ் மருந்து உள்ள இருக்கிற வரைக்கும் ஊசி வேலை செய்யாது, பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையையும் கொஞ்சங் கொஞ்சமா விட்டுருங்க" என்றார் ஊசி போடுபவர். எனக்கு உடம்பு பதறிவிட்டது. இரண்டாவது வாதம் வராமல் தடுப்பவை அந்த மாத்திரைகள்தான். நம் ஊரில் அக்குபங்சர் என்ற பெயரில் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்கள் கணிசமாக இருக்கிறார்கள், எலக்ட்ரோ அக்குபங்சர் ஆராய்ச்சிக்கும் அந்த உபதேசத்துக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. யார் எந்தச் சிகிச்சைக்காக நிறுத்தச் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். நான் மீதிப் பணத்தைக் கேட்டேன். பேக்கேஜ் பணம் திரும்பத் தரும் வழக்கமில்லை என்றார்கள், ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். மொத்தத்தில், காரோடு சேர்த்து 35,000 ரூபாய்க்குக் கிட்டத்தட்டப் போயிற்று.

அம்மாவை எழுப்பி உட்கார வைத்தது அதன் பிறகு நடந்த வேலைகள். மக்களைத் தேடி மருத்துவம் என்று 2021-ல் அரசு தொடங்கிய திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார் என்பதை எங்கள் கிராமத்துச் செவிலியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். காசு கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் 104-க்குப் போன் போட்டுக் கேளுங்கள். வந்த பெண் முதல் நாளே என்னைத்தான் திருத்தினார். அம்மாவைத் தூக்கும்போது வாதக் கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தசை பிடிமானம் இல்லாத தோள் மூட்டு கழன்றுவிடும். கை எப்போதும் தலையணை மேல் இருக்க வேண்டும். வீங்கிய கையிலிருந்து வளையலைக் கழற்றிவிட வேண்டும். கஞ்சியைப் படுக்க வைத்து ஊட்டாமல் நிமிர்த்தி உட்கார வைத்து, நல்ல பக்கத்து வாயில், கொஞ்சம் கெட்டியாக. இருமினால் நிறுத்து. அவரும் ஒரு கரண்ட் மெஷின் கொண்டுவந்தார், ஊசி இல்லை, தோலில் ஒட்டும் பட்டை. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார், "கரண்ட் வர்றப்ப நீங்களும் சேர்ந்து தூக்கணும் அம்மா, சும்மா படுத்திருந்தா பிரயோஜனம் இல்ல." தினமும் பயறு உரிப்பது, டம்ளர் நகர்த்துவது, கட்டில் விளிம்பில் உட்கார்ந்து எழுவது என்று அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார். அலுப்பாகத்தான் இருக்கும், அம்மா என்னைத் திட்டாத நாள் இல்லை. இப்போது கம்பு ஊன்றி மாட்டுக் கொட்டகை வரை போகிறார். இடது கை இன்னும் முழுசாக வரவில்லை, டம்ளரைப் பிடிக்கும், விடத்தான் தெரியாது.

இதற்குப் பிறகும் ஊசி போட்டுப் பார்ப்போம் என்று நினைப்பவர்களை நான் தடுக்க மாட்டேன். வலி, இறுக்கம் போன்றவற்றுக்குச் சிலருக்குச் சுகமாக இருக்கிறது, அக்குபங்சரை ஒரு மருத்துவ முறையாக மத்திய அரசு 2019-ல் ஏற்றுக்கொண்டும் இருக்கிறது. போவதானால் பி.என்.ஒய்.எஸ். என்ற இயற்கை மருத்துவ, யோகா பட்டம் போல முறையாகப் படித்தவரா என்று கேளுங்கள், சில அரசு மருத்துவமனைகளில் இயற்கை மருத்துவப் பிரிவே உண்டு, முதலில் அங்கே விசாரியுங்கள். ஊசி உங்கள் கண் முன்னால் உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை சாப்பிடுவதை முதலிலேயே சொல்லுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் வலிப்பு வந்தவர்களுக்கும் நரம்பியல் டாக்டரைக் கேட்காமல் மின்சாரம் வேண்டவே வேண்டாம். உணர்ச்சி இல்லாத பக்கத்தில் குமிழை எவ்வளவு திருப்பினாலும் நோயாளிக்கு உறைக்காது, அதனால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். பிசியோவுக்கு உரிய நேரத்தையும் பணத்தையும் இதற்குத் திருப்பாதீர்கள். பணம் அன்றன்றைக்குத்தான். எங்களுக்கு மீதி இருந்த சிட்டிங்குகளை வேறு யார் பெயருக்காவது மாற்றித் தருவதாகக் கடைசியில் இறங்கி வந்தார்கள். என் சின்ன மாமனாருக்கு முழங்கால் வலி, மாத்திரை எதுவும் சாப்பிடாதவர், நிறுத்தச் சொல்வதற்கும் ஒன்றும் இருக்காது. அவரை அனுப்பிவைத்திருக்கிறேன்.